டிம்மர் சுவிட்ச்: ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா?

அறையின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிம்மர் சுவிட்ச் திடீரென்று மக்கர் செய்கிறது. விளக்கு மினுமினுக்கிறது, அல்லது எவ்வளவு திருப்பினாலும் வெளிச்சம் குறைவதில்லை. புதியது வாங்குவதா, உள்ளே இருப்பதைச் சரி செய்வதா? ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

திருநெல்வேலி பக்கத்து வீடுகளில் விளக்குக்கான டிம்மரைவிட ஃபேன் ரெகுலேட்டர்தான் அதிகம். குமிழைச் சீராகத் திருப்பும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரின் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய டிம்மரின் சர்க்யூட்தான். ஆகவே கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும்.

எப்படி வேலை செய்கிறது?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது நொடிக்கு 50 முறை முழுச் சுற்று அலையாக வருகிறது. டிம்மரில் உள்ள டிரையாக் என்ற பாகம் ஒவ்வொரு அரை அலையிலும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தடுத்துவிட்டுப் பிறகு விடுகிறது. எவ்வளவு நேரம் தடுப்பது என்பதை, குமிழோடு இணைந்த மாறு மின்தடையும் ஒரு கெப்பாசிட்டரும் முடிவு செய்கின்றன. டயாக் என்ற சிறிய பாகம் டிரையாக்கைத் தட்டி எழுப்புகிறது. அவ்வளவுதான்!

முதலில் பல்பைப் பாருங்கள்

பழைய டிம்மர்கள் குண்டு பல்புக்காகச் செய்யப்பட்டவை. 2015-ல் உஜாலா திட்டம் வந்த பிறகு வீடுகளில் எல்இடி பல்பு பரவலானது. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எல்இடி வந்துவிட்டது. இவ்வளவு குறைந்த லோடில் பழைய டிம்மர் பல சமயம் ஒழுங்காக வேலை செய்யாது. சாதாரண எல்இடி பல்பும் டிம்மருக்கு ஏற்றதல்ல. அதனால்தான் மினுமினுப்பும் ரீங்காரமும். இங்கே டிம்மர் கெடவில்லை, ரிப்பேர் செய்தும் பயனில்லை. அட்டைப்பெட்டியில் 'டிம்மபிள்' என்று அச்சிட்ட பல்பையும் எல்இடிக்கான டிம்மரையும் வாங்குங்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் தேவையே இல்லை என்றால் சாதாரண சுவிட்ச் போதும்.

ஃபேனிலும் இதே கதைதான். ரெகுலேட்டரை 5-ல் வைத்தும் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் குற்றவாளி ஃபேனிலேயே உள்ள கெப்பாசிட்டர்தான். பிஎல்டிசி ஃபேன் மாட்டியிருந்தால் சுவரில் உள்ள ரெகுலேட்டரை நீக்கிவிட்டு நேரடியாக சுவிட்சில் இணைக்கச் சொல்லுங்கள். அதன் வேகத்தை ரிமோட்டே பார்த்துக்கொள்ளும்.

எப்போது ரிப்பேர் செய்யலாம்?

1. குமிழைத் திருப்பினாலும் எப்போதும் முழு வெளிச்சம்: டிரையாக் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

2. திருப்பும்போது விட்டு விட்டு எரிகிறது: மாறு மின்தடை தேய்ந்திருக்கலாம்.

3. பல்பு நன்றாக இருந்தும் எரியவே இல்லை: டயாக், டிரையாக், இணைப்பு மூன்றையும் சோதிக்க வேண்டும்.

இந்தப் பாகங்கள் விலை குறைவு. சால்டரிங் தெரிந்தவர், அதே அளவுள்ள பாகம் கிடைத்தால் மாற்றிவிடலாம். கூலி கொடுத்துச் செய்வதென்றால் புதிய டிம்மரின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புதியதே லாபம். ஆனால் பழைய போர்டில் பொருந்தும் அளவில் புதியது கிடைக்கவில்லை என்றால் ரிப்பேருக்கு அர்த்தம் உண்டு.

கருகிய வாசனை, பழுப்பேறிய சர்க்யூட் போர்டு, வெடித்த பிளாஸ்டிக், இவற்றில் எது இருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்ததா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது, வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படித் தண்ணீரில் மூழ்கிய டிம்மரையும் ரெகுலேட்டரையும் வெயிலில் காய வைத்து மறுபடி மாட்டக் கூடாது.

காய்ந்த பிறகு வேலை செய்யத்தான் செய்யும். ஆபத்தே அங்குதான். தண்ணீர் வற்றினாலும் வண்டலும் உப்பும் உள்ளே தங்கிவிடும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமானதும் அந்தப் படிவின் வழியே மின்சாரம் கசியும். இணைப்புகள் துருப்பிடித்துச் சூடாகும். நனைந்த சுவிட்ச், பிளக் பாயின்ட் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வயரிங்கை மெகர் கருவியால் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கவனம்!

• போர்டைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, டெஸ்டரால் சரி பாருங்கள். டிம்மரைக் குறைத்து வைப்பது மின்சாரத்தை நிறுத்தியதாகாது.

• விளக்குக்கான டிம்மரை ஃபேனுக்குப் போடாதீர்கள். மோட்டார் இரையும், சூடாகும்.

• டிம்மர் வழியே வரும் இணைப்பில் கம்ப்யூட்டர், மோடம், செல்போன் சார்ஜர் எதையும் செருகாதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: பல்பு பொருந்தவில்லை என்றால் பல்பை மாற்றுங்கள், ஒரு பாகம் மட்டும் போயிருந்தால், வேலை தெரிந்தவர் ரிப்பேர் செய்யலாம், கருகியிருந்தாலோ வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.