பிரேக் விளக்கு எரிந்தால் லோடு ஏற்றாதீர்கள்!

தராசு முள் ஒரு நூல் சாய்ந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூட்டையை அசைத்துப் பார்த்தே எடை குறைவு என்று சொல்லிவிடுவோம். பருப்பைப் பல்லில் கடித்து ஈரம் சொல்லும் வியாபாரிகள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் அந்தச் சரக்கை ஏற்றிப் போகும் வண்டியில், ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தால், "அது ரொம்ப நாளாவே எரியுது" என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றுகிறோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் விடியற்காலையில் வரிசையாக வந்து நிற்கும் சிறு சரக்கு வண்டிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, வாடகை வண்டிக்குக் காத்திருந்த மளிகைக் கடைக்காரர்கள் பலர் சொந்த வண்டிக்காரர்களாகி விட்டார்கள். நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வண்டி நம்முடையது என்றால் அதன் பிரேக்கும் நம் பொறுப்புதானே!

பிரேக்கை நாமே கழற்றி மாட்டுவது எப்படி என்று சொல்ல இக்கட்டுரையை எழுதவில்லை. அது மெக்கானிக்கின் வேலை. விளக்கு எரிந்தால், வண்டியை நகர்த்தலாமா கூடாதா என்பதைக் கடை வாசலிலேயே பத்து நிமிடத்தில் கண்டுகொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே கூறுகிறோம்.

எந்த விளக்கு?

முதலில் நிறத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு. சில வண்டிகளில் 'பிரேக்' என்ற ஆங்கிலச் சொல்லோ, 'பி' என்ற ஆங்கில எழுத்தோ இருக்கும். 'ஏ.பி.எஸ்.' என்று எழுதிய மஞ்சள் விளக்கு வேறு. சிவப்பு என்றால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிதானமாகச் சென்று காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. திடீரென்று மிதிக்கும்போது பின் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும் அபாயம் உண்டு.

சாவியைத் திருப்பியதும் இந்த விளக்குகள் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் சிவப்பு விளக்கு அணையாது. எடுத்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். பல்பு போயிருக்கலாம், அல்லது தொல்லை என்று யாராவது ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் முழுவதும் வடிந்தாலும் நமக்குத் தகவல் வராது. பழைய வண்டி வாங்கும் அன்பர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை: ஹேண்ட் பிரேக்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, முழுவதும் கீழே இறக்குங்கள். பல நேரங்களில் லீவர் அரைகுறையாக நின்றிருக்கும். அல்லது பில் புத்தகமோ துணியோ இடையில் சிக்கியிருக்கும். லீவருக்கு அடியிலுள்ள சுவிட்சில் தூசி அடைத்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கியதும் விளக்கு அணைந்து, மீண்டும் எரியவில்லை என்றால் கவலை குறைவு. ஆனாலும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியபின் பின் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனை: ஆயில் டப்பா

மாஸ்டர் சிலிண்டரின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் மேல் கோடு, கீழ்க் கோடு என்று இரண்டு அடையாளங்கள் உண்டு. மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து மட்டம் தெரியும். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்து அது இறங்கியதும் சிவப்பு விளக்கு எரிகிறது. வளைவில் திரும்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் மட்டும் விளக்கு மினுக்கினால், ஆயில் கீழ்க் கோட்டை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். டப்பாவில் ஆயில் அலையும்போது மிதவை இறங்கி ஏறுவதே அந்த மினுக்கலுக்குக் காரணம்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஆயில் குறைந்திருக்கிறது, ஊற்றினால் விளக்கு அணைகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கல்லாவில் இருப்பு குறைந்தால் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக் கணக்கை நேர்செய்கிற வியாபாரி யாராவது உண்டா? பணம் எங்கே போனது என்றுதானே தேடுவோம்! பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது எரிபொருள் போலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் இருப்பது. குறைந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, முன் சக்கரத்தின் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும்; அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். இது பல மாதங்களில் மெதுவாக நடப்பது. மற்றொன்று, எங்கோ கசிகிறது. சில நாட்களில் குறைந்தால் கசிவுதான் என்று உறுதியாக நம்பலாம்.

ஏற்காடு மலைக் கிராமங்களுக்குச் சரக்கு போடும் மளிகைக்காரர் ஒருவர் எங்களிடம் வெகுகாலமாகக் கொள்முதல் செய்கிறார். அவருடைய வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரைவர் ஆயில் ஊற்றினார், அணைந்தது. இரண்டு வாரத்தில் மீண்டும் எரிந்தது, மீண்டும் ஊற்றினார். மூன்றாம் முறை எங்கள் கடை வாசலில் வைத்து ஊற்றப்போனபோது, மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, ஊத்தறது எல்லாம் எங்க போவுது?" என்று கேட்டார். குனிந்து பார்த்தால், பின்பக்க இடது சக்கரத்தின் உட்புறம் ஈரமாக மினுமினுத்தது. ஏற்றியிருந்த மூட்டைகளை இறக்கிவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தோம். டிரம்மைக் கழற்றியபோது வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, லைனிங் முழுவதும் ஆயிலில் ஊறிக் கிடந்தது. அந்தச் சக்கரத்தில் பிரேக் இருந்தும் இல்லாத நிலை. அன்று மலையேற வேண்டிய சரக்கு மறுநாள் போனது. அவ்வளவுதான் நட்டம்.

மூன்றாவது சோதனை: கசிவு

நம் கடையில் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. இரவு வண்டியை நிறுத்தும்போது நான்கு சக்கரத்துக்கு உட்புறமும், மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழேயும் ஒவ்வோர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை இருந்தால், எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள். புது பிரேக் ஆயில் இளமஞ்சளாகத் தெளிவாக இருக்கும்; பழையது பழுப்பேறியிருக்கும். விரலில் தொட்டால் வழுக்கும். ஏ.சி. தண்ணீரோ மழைத் தண்ணீரோ அப்படி வழுக்காது. சக்கரத்தின் உட்புறம், ரப்பர் ஹோஸ்கள், டிரைவரின் காலடியில் பெடலுக்கு மேற்பக்கம் ஆகிய இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அட்டையில் கறை இல்லாததால் கசிவு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். டிரம்முக்குள் கசிவது முதலில் வெளியே தெரியாது. மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் கசிவது பூஸ்டருக்குள் போய்விடும்.

நான்காவது சோதனை: பெடல்

இன்ஜினை நிறுத்திவிட்டு, பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகும். இப்போது அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருங்கள். பெடல் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. டப்பாவில் ஆயில் சரியாக இருந்தாலும் இது நடக்கும். இறங்கும் பெடலோடு வண்டியை எடுக்கக் கூடாது.

அடுத்து, பெடலை அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது. கல் போல அப்படியே நின்றால் பூஸ்டரிலோ வேக்குவம் குழாயிலோ கோளாறு. சில டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே வேக்குவம் பம்ப் இருக்கும். அவற்றில் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரிவதோடு பிரேக்கும் கல்லாகிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் மேலே வந்தால் காற்றாகவும் இருக்கலாம், பின் லைனிங் இடைவெளி அதிகமானதாகவும் இருக்கலாம்.

"விளக்கு எரிஞ்சாலும் பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்று டிரைவர் சொல்வார். அது பொய்யாக இருக்காது. இன்றைய வண்டிகளில் பிரேக் குழாய்கள் இரண்டு பிரிவாக இருக்கின்றன. ஒன்றில் ஆயில் போனாலும் மற்றது பிடிக்கும். ஆனால் பாதி பிரேக்தான். காலி வண்டியை நிறுத்தும் பாதி பிரேக், முக்கால் டன் அரிசி ஏற்றிய வண்டியை இறக்கத்தில் நிறுத்தாது.

மஞ்சள் விளக்கு

2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. சரக்கு வண்டிகள் பலவற்றிலும் வந்துவிட்டது. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. வீட்டில் பார்க்கக்கூடியவை இரண்டு: ஃபியூஸ், மற்றும் சக்கரத்தின் உட்புறம் போகும் சென்சார் ஒயர். எலி கடித்தோ, கல் பட்டோ ஒயர் அறுந்திருக்கலாம். மளிகைக் கடை வண்டிக்கு எலித் தொல்லை புதிதல்ல. கடையில் விற்கும் மலிவு ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். ஆகவே இதை ஒர்க்‌ஷாப்பில் காட்டுவதே முறை.

எந்த ஆயில் ஊற்றுவது?

டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே வாங்க வேண்டும். இன்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் என்று கைக்குக் கிடைத்ததை ஒரு சொட்டு ஊற்றினாலும் ரப்பர்கள் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில், மழைக்காலத்து வெல்லம் போல, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. திறந்து வைத்த பழைய டின் ஆயிலை ஊற்ற வேண்டாம். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். வண்டி பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஓடும்போது எரிந்தால்

பதற வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பெடலை மெதுவாக மிதித்துப் பார்க்க வேண்டும். கீழ் கியருக்கு மாற்றி ஓரம் கட்ட வேண்டும். பெடல் ஆழமாகப் போனால் பலமுறை வேகமாக மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்கலாம். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழலும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைப்பதும் தற்கொலைக்குச் சமம். தொப்பூர் கணவாயைக் கடந்து போகும் நம் வணிகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சொந்த லாரி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. காற்று பிரேக் வண்டியில் மேற்சொன்ன சோதனைகள் பொருந்தாது. காற்றழுத்தம் குறைவு என்று விளக்கு எரிந்தாலோ, பஸ்ஸர் கத்தினாலோ, அழுத்தம் ஏறும்வரை நகர்த்தக் கூடாது. ஏறவே இல்லை என்றால் மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும்.

முதலாளியின் பொறுப்பு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. பழுது தெரிந்திருந்தால் மட்டுமல்ல, சாதாரண கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றமே. கண்ணெதிரே எரியும் விளக்கைப் பார்க்கவில்லை என்று யாரிடம் சொல்ல முடியும்? எப்.சி. வாங்கியிருக்கிறோம் என்பதும் பதிலாகாது. அது சோதனை செய்த நாளின் நிலையைத்தான் சொல்லும்.

சட்டத்தை விடவும் பெரியது ஒன்று உண்டு. "முதலாளி, லைட் எரியுது" என்று வந்து சொல்லும் டிரைவரிடம், "ஒரு நடை போயிட்டு வந்துடு, சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். அவர் வீட்டிலும் சாயங்காலம் எதிர்பார்த்துக்கொண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சாலையில் எதிரே வருபவருக்கும் குடும்பம் இருக்கிறது. சொன்னதற்காகக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். பேசாமல் ஆயிலை ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்.

எனவே வணிக அன்பர்கள் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொள்கிறோம். வாரம் ஒருநாள், லோடு ஏற்றும் முன், விளக்கு, ஹேண்ட் பிரேக், ஆயில் மட்டம், சக்கரத்தின் உட்புறம், பெடல் ஆகிய ஐந்தையும் டிரைவரோடு நின்று பாருங்கள். ஆயில் ஊற்றினால் தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே மாதத்தில் இரண்டாம் முறை எழுத நேர்ந்தால், மூட்டைகளை இறக்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சரக்கு நாளைக்கும் போகலாம்.