பள்ளி வாசலில் கேட்கப்படும் அட்டை

மீஞ்சூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒடிசாவைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர், கடந்த ஜூன் மாதம் தம் மூன்றரை வயது மகளை ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்க்கச் சென்று, அப்படியே திரும்பி வந்தார். தடுப்பூசி அட்டை இல்லாமல் சேர்க்க இயலாது என்று கூறிவிட்டார்களாம். அட்டை சொந்த ஊரில் எங்கோ கிடக்கிறது. "ஊசி போட்டாச்சு சார், பாருங்க" என்று மகளின் இடது தோளிலிருந்த தழும்பை என்னிடம் காட்டினார். அது பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான் ஆகியவற்றுக்கான ஊசிகள் போடப்பட்டனவா என்பதை அந்தத் தழும்பு சொல்லாது.

பள்ளி கேட்டதில் தவறில்லை. தட்டம்மை கண்ட ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பக்கூடும். சமூகத்தில் 95 விழுக்காட்டினருக்கேனும் இரு தவணை ஊசி போடப்பட்டிருந்தால்தான் நோய் பரவ வழியில்லாமல் போகும். ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு நம் அட்டவணைப்படி அந்த ஊசி கிடையாது; அக்குழந்தையைக் காப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக்கொண்ட ஊசிதான். பொருளாதாரப் பாடத்தில் இதைப் புறவிளைவு என்போம். ஒருவர் எடுக்கும் முடிவின் பலனும் கேடும் அவரோடு நின்றுவிடாதபோது, அரசு தலையிட நியாயம் உண்டு.

பல நாடுகள் இந்த நியாயத்தைப் பள்ளி வாசலில் நிறுத்தியிருக்கின்றன. தடுப்பூசி போடாத மாணவியைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1922-லேயே தீர்ப்பளித்தது. கலிபோர்னியா மாநிலம், டிஸ்னிலாந்தில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பின், 2015-இல் சொந்த நம்பிக்கையின் பெயரால் அளித்துவந்த விலக்கை நீக்கியது. இத்தாலியின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஊசி போடாவிட்டால் மழலையர் பள்ளியில் இடமில்லை. அதற்கு மேற்பட்ட வயதினருக்குப் பள்ளி மறுக்கப்படுவதில்லை, பெற்றோருக்கு அபராதம் மட்டுமே. ஜெர்மனி 2020 மார்ச் முதல் தட்டம்மை ஊசியைக் கட்டாயமாக்கியது.

இதே விதியை இங்கும் கொண்டுவரலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டம் குறுக்கே நிற்கிறது என்பது ஒரு விடை. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைக்கு வயதுச் சான்று இல்லை என்றுகூடச் சேர்க்கையை மறுக்க முடியாது. கரோனா தடுப்பூசி வழக்கில், யாரையும் ஊசி போட்டுக்கொள்ளுமாறு வற்புறுத்த இயலாது என்று 2022 மே 2-ஆம் தேதி உச்சநீதிமன்றம் கூறியது. பொதுநலம் கருதி அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது; ஆகவே சட்டத்தில் வழியே இல்லை என்று வாதிட மாட்டேன். என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. அது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நடந்தது.

2008 ஏப்ரல் 23 அன்று இம்மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. மருத்துவர் உடனிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டுமே இனி ஊசி போட வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. பாதுகாப்பைக் கருதி எடுத்த முடிவு அது. குறை கூற முடியாது. ஆனால், அதுவரை ஊருக்கே வந்து ஊசி போட்டுக்கொண்டிருந்த கிராம சுகாதார செவிலியரின் குளிர்பெட்டி வருவது நின்றது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2005-06-இல் தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் 80.9 விழுக்காட்டினர் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்றிருந்தனர். 2015-16-இல் அது 69.7 ஆகச் சரிந்தது. தடுப்பூசியில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் பெற்ற மாநிலத்தில் பத்தாண்டுகளில் பதினொரு புள்ளி இறக்கம். இதற்கு அந்த ஒரு முடிவே முழுக் காரணம் என்று நான் அறுதியிடவில்லை. எனினும், சரிவை வெறும் பிடிவாதத்தின் கணக்கில் எழுதவும் முடியாது. 2019-21 ஆய்வில் அதே விகிதம் 89.2-க்கு ஏறியது. பள்ளிக் கதவை அடைத்து அந்த ஏற்றம் வரவில்லை.

தடுப்பூசிக்குக் கட்டணம் இல்லை. அதனால் அதற்கு விலையே இல்லை என்றாகிவிடாது. எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் பெண், புதன்கிழமை முற்பகலைச் சுகாதார நிலைய வரிசையில் கழித்தால் அன்றைய கூலி போய்விடும். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொரு நாளும் போகும். வாய்ப்புச் செலவு என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சொல்லின் பொருள் இதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பிந்தைய தவணைகள் குழந்தையின் தடுப்பூசியோடு இணைக்கப்பட்டிருப்பதை நான் ஆதரிப்பதும் அதனால்தான். அது அந்த இழப்பில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்கிறது. பள்ளியை மறுப்பதோ, பெற்றோரின் இழப்புக்கு மேல் பிள்ளைக்கும் ஓர் இழப்பைச் சேர்க்கிறது.

அஞ்சி மறுப்பவர்களும் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போடப்பட்டபோது, வாட்ஸ்ஆப்பில் வந்த வதந்தியைப் படித்து, முகாம் நாளன்று பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள் பலர். அவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். இறுதியில் முகாமின் கால அளவை அரசு நீட்டிக்க நேர்ந்தது. இதே ஊசி தொடர்பான வழக்கில், பெற்றோரின் ஒப்புதலைப் புறக்கணிக்க முடியாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியது சரியே என்பது என் எண்ணம். கேள்வி கேட்பவர்கள் எல்லாரையும் மூடர்கள் என்று தள்ளிவிட முடியாது. பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து 1955-இல் சிறுநூல் எழுதியவர் ராஜாஜி. பிறகு 1968 முதல், மீஞ்சூரும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த மாபெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. பச்சிளங்குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பதால் அது இன்றும் போடப்படுகிறது. இவ்வளவையும் ஒளிவின்றிச் சொன்னால் பெற்றோர் ஓடிவிட மாட்டார்கள்.

அதற்காகப் பள்ளி அட்டையைக் கேட்கவே கூடாது என்பதல்ல. கட்டாயம் கேட்க வேண்டும். சேர்த்துக்கொண்ட பிறகு கேட்க வேண்டும். முத்தடுப்பூசியின் இரண்டாவது ஊக்கத் தவணை ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போடப்பட வேண்டியது. ஒன்றாம் வகுப்பில் சேரும் வயதும் அதுவே. கைக்குழந்தைப் பருவ ஊசிகளைத் தவறாமல் போட்ட தாய்மார்கள்கூட மறந்துவிடுவது இதைத்தான். அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. விடுபட்டவர்களின் பட்டியலை ஜூலைக்குள் தலைமையாசிரியர் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்தால் போதும். தனியார் மழலையர் பள்ளிகளுக்கும் அந்தக் கடமை பொருந்த வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பெறவே தாயின் கர்ப்பப் பதிவு எண்ணைக் கேட்கும் மாநிலம் இது. இங்கே பிறந்த குழந்தையின் விவரம் அரசிடம் இருக்கும்போது, தொலைந்த காகிதத்தைத் தாயிடம் தேடச் சொல்வது வேடிக்கைதான். வெளிமாநிலக் குழந்தைகளுக்கு அது பொருந்தாது; அவர்களுக்காக நாடு முழுமைக்கும் பொதுவான யு-வின் இணையத் தளம் உருவாகியிருக்கிறது. எங்கள் தெருச் சிறுமியோ அது பரவலாகும் முன்பே பிறந்துவிட்டவள்.

அடுத்த புதன்கிழமை அவளையும் அவள் தாயையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆவணம் இல்லையென்றால் போடாததாகவே கொள்வோம், தட்டம்மை-ரூபெல்லா ஊசியை இன்னொரு முறை போடுவதால் தீங்கில்லை என்று செவிலியர் கையைக் காட்டி, பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் விளக்கினார். தாய் தலையசைத்தார். புது அட்டை ஒன்றில் பெயரும் தேதியும் எழுதித் தந்தார்கள். ஒரு மாதம் கழித்து அடுத்த தவணைக்கு வரச் சொன்னார்கள். அட்டையோடு தந்தை மறுபடி அந்தப் பள்ளிக்குப் போனபோது, இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்களாம். சிறுமி இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள்.