வீட்டுச் சர்வரும் மூன்று பிரதிகளும்

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய தகட்டுச் சேமிப்புச் சாதனத்தில், இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் சுழன்றன. அது கொண்டது 50 லட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் 4 டெராபைட் டிஸ்க் ஏறத்தாழ எட்டு லட்சம் மடங்கு கொள்கிறது.

ஆகவே களப் பணியாளர் தம் அளவீடுகளையும், ஆசிரியர் தம் பாடக் குறிப்புகளையும் வீட்டிலேயே ஒரு சர்வர் அமைத்துக் காத்தல் இயலும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, லினக்ஸ் இயக்கமுறை, இரண்டு டிஸ்குகள், மின்தடையின்போது முறையாக நிறுத்த அவகாசம் தரும் யு.பி.எஸ். ஆகியவை போதும்.

இரு டிஸ்குகளிலும் ஒரே சமயத்தில் பதியும் முறைக்கு ரெய்டு 1 என்று பெயர். ஒன்று பழுதுற்றாலும் மற்றது பணியைத் தொடரும். ஆயினும் இதனையே காப்புப் பிரதி எனக் கருதுவது பெரும் பிழை. கைத்தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒருங்கே மறையும். இடியோ திருட்டோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். சென்ற ஆண்டு பெய்த மழையை மீண்டும் அளக்க இயலாது அன்றோ?

எனவே மூன்று பிரதிகள் வேண்டும். சர்வரில் உள்ளது ஒன்று. வாரந்தோறும் வெளி டிஸ்கில் நகலெடுத்து, இணைப்பை நீக்கி வைப்பது இரண்டாவது. வேறொரு கட்டடத்தில் வைப்பது மூன்றாவது.

மாதம் ஒரு முறை, நகலிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்த்தல் அவசியம். அவ்வாறு மீட்டுப் பாராத பிரதி, முளைப்புத்திறன் சோதிக்கப்படாத விதையை ஒத்ததே.