டீச்சரம்மா வாங்கிய காட்டுக்குதிரை!
பழைய அமெரிக்க கார் வாங்குகிறவர்கள் ஏமாறுவது எங்கே?

1964-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி. அமெரிக்காவில் சிகாகோ நகரம். 22 வயது பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் கார் கடைக்குப் போனார். மேல்கூரையை மடக்கி வைக்கிற மாதிரி கார் வேண்டும் என்று கேட்டார்.

முன்னால் நின்ற கார்களில் அப்படி எதுவும் இல்லை. விற்பனையாளர் அவரைக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போய், மூடி வைத்திருந்த ஒரு காரைத் திறந்து காட்டினார். இளநீல நிறம். பார்த்த மாத்திரத்தில் டீச்சர் சொக்கிப் போனார். சுமார் 3,400 டாலர் விலை பேசி, கையோடு ஓட்டிக் கொண்டே போய் விட்டார்!

அந்தக் கார்தான் போர்டு கம்பெனியின் "மஸ்டாங்". அமெரிக்கப் புல்வெளிகளில் திரியும் காட்டுக்குதிரைக்கு அந்தப் பெயர். முறைப்படி விற்பனைக்கு வர அப்போது இன்னும் 2 நாள் பாக்கி இருந்தது!

சம்பளக்காரர்களின் கார்

பந்தயக் கார் மாதிரி தோற்றம் வேண்டும்; ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கும் கட்டுப்படியாக வேண்டும். இதுதான் போர்டு அதிகாரி லீ அயகோக்கா போட்ட திட்டம்.

அது எப்படி முடிந்தது? "பால்கன்" என்று ஒரு சாதாரண குடும்பக் கார் ஏற்கனவே ஓடிக் கொண்டிருந்தது. அதன் உள்பாகங்களையே எடுத்து, மேலே புது உடம்பு போட்டார்கள். ஆரம்ப விலை 2,368 டாலர்தான். முதல் நாளே 22 ஆயிரம் பேர் கேட்டார்கள். 2 வருடத்துக்குள் 10 லட்சம் கார்!

1966 மாடல் மட்டும் 6 லட்சத்துக்கு மேல். அதில் சுமார் 5 லட்சம், இரண்டு கதவு வைத்த சாதாரண "கூபே". இவ்வளவு பெருகிக் கிடந்ததால்தான், இன்றைக்கும் அமெரிக்காவில் பழைய கார் மோகம் பிடித்த குமாஸ்தாவோ, மெக்கானிக்கோ முதலில் தேடுவது இதைத்தான். 6 சிலிண்டர் கூபே என்றால் விலை மலிவு. கூரை மடக்கும் கார் அதற்கு மேலே. பின்பக்கம் சரிந்து இறங்கும் "பாஸ்ட்பேக்" என்றால், அம்மாடி! இன்னும் அதிகம்.

பல்லைப் பிடித்துப் பார்!

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்க்காமல் விடலாமா?

பலர் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். உறுமல் சத்தத்தில் மயங்கி விடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். என்ஜின் கெட்டால் மாற்றி விடலாம். பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. உடம்பு துருப்பிடித்தால்? மஸ்டாங்குக்கு தனி சேசிஸ் கிடையாது. உடம்புதான் எலும்புக்கூடு!

முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வாங்க ஓட்டைகள் உண்டு. அதில் மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கிற தகட்டை அரித்து விடும். வெளியே பார்த்தால் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை: விற்பவரிடம் சொல்லி விட்டு, அந்த ஓட்டையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே கால் வைக்கும் இடம் நனைந்தால், வணக்கம் போட்டு விட்டு நடையைக் கட்டுங்கள்! இதைச் சரி செய்ய முன்பக்கத்தையே பிரித்து, தகட்டை வெட்டி, ஒட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். கதவின் கீழ்ப்பகுதி, சக்கரத்தின் மேல் வளைவு இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையா? அங்கே இரும்பு இல்லை. பெயிண்டுக்கு அடியில் பட்டிதான்!

போலி 8 சிலிண்டர்

6 சிலிண்டர் காருக்கு 8 சிலிண்டர் என்ஜினை மாட்டி, ஒரிஜினல் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. 1965, 66 மாடல்களில் காரின் நம்பரில் 5-வது எழுத்தைப் பாருங்கள். "டி" என்றால் பிறவியிலேயே 6 சிலிண்டர். "சி", "ஏ", "கே" என்றால் 8. கதவில் உள்ள தகட்டை மட்டும் நம்பாதீர்கள். அதை மாற்றி விடலாம். பானட்டைத் திறந்து, உடம்பில் குத்திய நம்பரோடு ஒத்துப் பாருங்கள். சக்கரத்தையும் எண்ணுங்கள். 6 சிலிண்டருக்கு 4 போல்ட். 8-க்கு 5 போல்ட்.

உயிர் முக்கியம்

இன்னொன்று, இது உயிர் விஷயம். 1965, 66 மாடல்களில் நான்கு சக்கர பிரேக்குக்கும் சேர்த்து ஒரே அறைதான். ஓர் இடத்தில் எண்ணெய் ஒழுகினாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய் விடும்! 1967-ல் இருந்துதான் இரட்டை அறை வந்தது. பழைய காருக்கும் இரட்டை அறை பொருத்தலாம். பளபள பெயிண்டுக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்து விட வேண்டும்.

துரு பயமே வேண்டாம் என்கிறவர்கள் "கார்வெட்" பக்கம் போகிறார்கள். அதன் மேல் உடம்பு பைபர் கிளாஸ். 1984 முதல் 96 வரை வந்தவை கார்வெட்டுகளிலேயே மலிவானவை. ஆனால் 1992 முதல் வந்த சாதாரண மாடல்களில் டிஸ்டிரிபியூட்டர் தண்ணீர் பம்புக்கு அடியில் இருக்கிறது. பம்பு ஒழுகினால் அதுவும் காலி!

6 ஆயிரம், 37 லட்சம்!

1968-ல் வந்த "புல்லிட்" படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய மஸ்டாங்கை 1974-ல் ஒருவர் 6 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அவர் மனைவியும் ஒரு டீச்சர். பள்ளிக்கூடம் போய் வர அந்தக் காரைத்தான் ஓட்டினார். மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அது ஏலம் போனது. எவ்வளவுக்கு? 37 லட்சம் டாலருக்கு மேல்!

உடனே கணக்குப் போட்டு விடாதீர்கள். அந்த அதிர்ஷ்டம் ஒரு காருக்கு அடித்தது. லட்சக்கணக்கான மஸ்டாங்குகளுக்கு அடிக்காது.

சிகாகோ டீச்சர் என்ன ஆனார்? கார் ஓடாமல் நின்ற பிறகும் அவர் குடும்பம் அதை விற்கவில்லை. பல வருடம் வீட்டிலேயே கிடந்தது. பிறகு கணவரே உட்கார்ந்து பழுது பார்த்து, மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டு வந்தார்.

இரண்டு டீச்சர்களும் காரை ஓட்டினார்கள், அனுபவித்தார்கள். அதுதான் நிச்சயமான லாபம்!