பித்தப்பை எந்தப் பக்கம்?

குடியரசு நாள் உரை தொலைக்காட்சியில் ஓடும்போது, திரையின் ஓரத்தில் ஒருவர் கைகளாலும் முகத்தாலும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்போம். அவர் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றால், இப்படி ஒருவரைக் கூட்டிவந்து டாக்டர் பக்கத்தில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் நமக்குத் தோன்றும். டாக்டர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சைகை, அவ்வளவுதானே? இதற்கு மொழிபெயர்ப்பாளருக்கு மருத்துவம் எதற்குத் தெரிய வேண்டும்? கையில் டீ இருக்கிறது, அவசரமும் இல்லை. மெதுவாகவே பார்ப்போம்.

முதலில் வழியில் கிடக்கும் ஒரு கேள்வியை நகர்த்திவிடலாம். எழுதிக் காட்டினால் போதாதா? பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழோ ஆங்கிலமோ அவர்கள் பின்னால் கற்றுக்கொண்ட இன்னொரு மொழி. அதை எவ்வளவு நன்றாகப் படிப்பவரானாலும், நெருக்கடியில் யாரும் அவருக்காகப் பக்கம் பக்கமாக எழுதப்போவதில்லை. கனடாவில் ஒரு தாய்க்கு நடந்ததைக் கேளுங்கள். காது கேளாதவர், குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள். மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஒரு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிவிட்டதை நர்ஸ் கையை ஆட்டித்தான் தெரிவித்தார். பிறந்தவுடன் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தாய்க்குக் கிடைத்தது ஒரு சிறு துண்டுச் சீட்டு, ‘நன்றாக இருக்கிறார்கள்’ என்று. அந்தச் சீட்டை அவரால் படிக்க முடிந்தது. அதற்கு மேல் விளக்க யாரும் இல்லை. எல்ட்ரிட்ஜ் வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கில் இதுவும் சேர்ந்தது. மருத்துவ சேவையில் சைகை மொழிபெயர்ப்பு தராமல் விடுவது சமத்துவ உரிமையை மீறுவது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது.

சரி, மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். டாக்டர் சொல்கிறார்: “பித்தப்பையில கல்லு இருக்கும்மா. சின்ன ஆபரேஷன்தான், எடுத்துடலாம்.” தமிழில் இது முழுமையான பேச்சு. கேட்பவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதையே கையால் சொல்லிப் பார்ப்போம். சைகை மொழிகளில் ஆபரேஷனைப் பொதுவாக உடம்பில் வெட்டப்போகும் இடத்திலேயே வைத்துக் காட்டுவார்கள். வலியும் அப்படித்தான், வலிக்கும் இடத்தில். ஆக, கை வயிற்றின் முன்னால் வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும்? வெட்டு எவ்வளவு நீளம்? ஒன்றா, பலவா?

எல்லோருக்கும் இருக்கும் தவறான எண்ணம் கலைவது இந்த இடத்தில்தான். ஊருக்கு வழி கேட்டவரிடம் ‘அந்தப் பக்கமாப் போனா வந்துடும்’ என்று வாயால் சொல்லிவிடலாம். தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டச் சொன்னால், கோடு இடமா வலமா என்று எங்காவது திரும்பியே ஆக வேண்டும். பேச்சில் மழுப்ப முடிகிறது, கோட்டில் முடியாது. சைகை மொழி அந்தக் கோட்டைப் போன்றது. டாக்டர் சொல்லாமல் விட்டதையும் மொழிபெயர்ப்பாளரின் கை எங்காவது வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

மருத்துவம் தெரியாதவர் என்ன செய்வார்? வயிற்றின் நடுவே நீளமாக ஒரு வெட்டைக் காட்டுவார். அந்த அம்மா பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்று எழுந்துவிடலாம். தெரிந்தவருக்கு, பித்தப்பை வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே, ஈரலை ஒட்டி இருப்பது தெரியும். இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், மூன்று நான்கு சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள் என்பதும் தெரியும். இதைவிட முக்கியமான ஒன்றும் அவருக்குத் தெரியும். இந்த ஆபரேஷனில் வழக்கமாகக் கல்லை மட்டும் எடுப்பதில்லை, பையையே எடுத்துவிடுவார்கள். பையை விட்டால் கல் மறுபடி வரும். டாக்டர் சொன்ன ‘எடுத்துடலாம்’ எதை? கல்லைப் பொறுக்கி எடுப்பதுபோலக் கை காட்டிவிட்டால், உடம்பில் ஓர் உறுப்பு போவது தெரியாமலேயே அந்த அம்மா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆகவே பயிற்சி பெற்றவர் அந்த இடத்தில் நிறுத்திக் கேட்பார். வழக்கமாக அவர் நோயாளியின் குரலாக ‘நான்’ என்றே பேசுவார், தன் சந்தேகம் வரும்போது மட்டும் “இது மொழிபெயர்ப்பாளரின் கேள்வி, டாக்டர். கல்லை மட்டுமா, பையையுமா? துளை போட்டா, திறந்தா?” என்று பிரித்துச் சொல்வார். தான் கேட்டதை நோயாளிக்கும் சைகையில் தெரிவிப்பார். மருத்துவ அறிவு அவருக்குத் தேவைப்படுவது இப்படிக் கேட்பதற்காக. பதில் சொல்வதற்காக இல்லை. வராந்தாவில் அந்த அம்மா அவரிடம், “நீங்க சொல்லுங்க, பண்ணிக்கலாமா?” என்று கேட்டால், தெரிந்த பதிலானாலும் அவர் சொல்லக் கூடாது. “வாங்க, டாக்டர்கிட்டயே கேட்போம்” என்று திரும்பக் கூட்டிப்போக வேண்டும். எனக்கு இந்தக் கட்டுப்பாடு மிகப் பெரிதாகப் படுகிறது.

மாத்திரைக்கும் இதே கதைதான். ‘ஒரு நாளைக்கு ரெண்டு’ என்றால் காலையில் ஒன்று இரவில் ஒன்றா, இரண்டும் ஒரே வேளையிலா? கை அதைப் பகலிலோ இரவிலோ வைத்தாக வேண்டும்.

இதையெல்லாம் எப்படிக் கற்பிப்பது? உறுப்புகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வது சின்னப் பகுதிதான். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி இருப்பதால், அங்கே காது கேளாதோர் நிறையப் பேர். அங்கே ராபின் டீன், ராபர்ட் பொல்லார்ட் என்ற இருவர் 2001-இல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார்கள். வேலை உன்னிடம் என்னென்ன கேட்கிறது, அதைச் சமாளிக்க உன் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் பழக்கும் முறை. மொழி கேட்பது அதில் ஒரு பங்குதான். அறை கேட்கிறது, அங்கே இருக்கும் மனிதர்கள் கேட்கிறார்கள், உள்ளே இருக்கும் நம் மனமும் கேட்கிறது. அவர்களுடைய பயிற்சியில் மாணவர்கள் டாக்டருடன் உட்கார்ந்து, அவர் நோயாளிகளைப் பார்ப்பதைக் கவனிப்பார்கள், பிறகு பேசி அலசுவார்கள். டாக்டர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார், பதிலில் எதைத் தேடினார் என்பது பாடப்புத்தகத்தில் பிடிபடாது.

அறை கேட்பது என்றால் என்ன? கண் பரிசோதனைக்கு விளக்கை அணைத்தால் பேச்சும் அணைந்துவிடும்; அணைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி, தோளைத் தொட்டால் மேலே பார்க்க வேண்டும் என்பதுபோல ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பெண்ணின் உடற்பரிசோதனையில் மொழிபெயர்ப்பாளர் தலைமாட்டில் நிற்க வேண்டும். மானமும் காக்கப்படும், முகமும் தெரியும். ஊசி வழியாக மருந்து ஏற்ற வென்ஃப்ளான் போடும் நர்ஸிடம், “எந்தக் கையால் அதிகம் பேசுகிறார் என்று கேட்டுவிட்டு மற்றக் கையில் போடுங்கள்” என்று நினைவூட்ட வேண்டும். அதிகம் பேசும் கையில் போட்டுப் பலகை வைத்துக் கட்டிவிட்டால், அவருடைய வாயைப் பாதி கட்டிவிட்டோம்.

மனநலப் பிரிவு இன்னும் கடினம். சைகை மொழியில் புருவமும் கன்னமும் இலக்கணத்தின் பகுதி. புருவத்தைத் தூக்கினால் அது ஒரு கேள்வியாக இருக்கலாம். பழக்கமில்லாத டாக்டருக்கு அது பதற்றமாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. நோயாளியின் சைகைகள் கோர்வையில்லாமல் சிதறும்போது, மொழிபெயர்ப்பாளர் அன்பினால் அதைச் சீராக்கி அழகான வாக்கியமாகச் சொல்லிவிட்டால், டாக்டர் தேடிய அறிகுறியே மறைந்துபோகும். சிதறலைச் சிதறலாகவே கொண்டுபோக ஒரு பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இதற்கென்றே 40 மணி நேர வகுப்பும், அதன் பின் மேற்பார்வையில் 40 மணி நேரக் களப்பயிற்சியும், தேர்வும் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2015-இல் டெல்லியில் தொடங்கியது. மொழிபெயர்ப்புக்கான இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. மையத்தின் அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது, அதில் மருத்துவச் சொற்களும் உண்டு. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, தனியார் ஆஸ்பத்திரிகள் இரண்டிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. ஆனால் பட்டயப் படிப்பு பள்ளி, நீதிமன்றம், அலுவலகம் எல்லாவற்றுக்குமான பொதுப் படிப்பு. அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கென்று ஓர் அடுக்குப் பயிற்சி கட்டப்பட வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதுவரை பல இடங்களில் கூட வந்த பிள்ளையோ தங்கையோதான் பேசுகிறார்கள். தாயின் புற்றுநோயைத் தாயிடம் சொல்லும் வேலையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது கொடுமை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ காது கேளாதவர் இருந்தால், இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த நோய்க்காக வருகிறார் என்பதை, நோயாளி சம்மதித்தால், மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். அவர் படித்துக்கொண்டு வரட்டும். பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்குமாறு டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளி தலையாட்டுவது பல நேரம் ‘மேலே சொல்லுங்கள்’ என்பதுதான், ‘புரிந்தது’ என்பதில்லை. அதனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பார்க்க வேண்டும். நோயாளிக்குப் பிடித்திருந்தால் அடுத்த முறையும் அதே மொழிபெயர்ப்பாளரையே கேட்டு வாங்குங்கள். பித்தப்பைக்கு அவர்கள் இருவரும் இன்று ஒரு சைகையை ஒப்புக்கொண்டிருப்பார்கள். தையல் பிரிக்க வரும் நாளில் அதை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.