ஞானம் பெற்ற புத்தருக்கு முதல் உணவு கொடுத்தது யார் தெரியுமா?

அரசரா? முனிவரா? இரண்டு பேருமில்லை. சரக்கு வண்டிகளை ஓட்டிக்கொண்டு வழியே போன இரண்டு வியாபாரிகள்!

போதி மரத்தடியில் ஞானம் கிடைத்தபின் ஏழு வாரம் அந்த வட்டாரத்து மரநிழல்களிலேயே தங்கியிருந்தார் புத்தர். அந்தப் பக்கமாக வந்தார்கள் தபுஸ்ஸரும் பல்லிகரும். சத்துமாவும் தேன் உருண்டையும் கொடுத்து வணங்கினார்கள் என்று பாலி மொழி விநய நூல் சொல்கிறது. உலகத்தில் பௌத்தத்தைத் தழுவிய முதல் இல்லறத்தார் இவர்கள்தாம். அப்போது பிக்கு என்று ஒருவர்கூடக் கிடையாது, சங்கமே பிறக்கவில்லை. அதனால் புத்தரையும் தருமத்தையும் மட்டும் சரணடைந்தார்கள். மூன்று சரணங்களில் மூன்றாவது இல்லாமலே பௌத்தரானவர்கள்!

கதை அங்கே முடியவில்லை. புத்தர் தம் தலைமுடியில் எட்டு இழைகளை அவர்களுக்குக் கொடுத்தார் என்றும், அவற்றைப் புதைத்த மேட்டில்தான் ரங்கூன் ஷ்வேடகோன் பகோடா எழுந்தது என்றும் பர்மியர்கள் நம்புகிறார்கள். தங்கம் போர்த்திய அந்த ஸ்தூபத்தின் உயரம் சுமார் 99 மீட்டர். செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிக்கப் போன நம் பாட்டையாக்கள் கப்பலை விட்டு இறங்கியது அதே ரங்கூனில்தான்! 1930 வாக்கில் பர்மா முழுவதும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த பெட்டியடிப் பையன் இருந்த ஊரில், வானத்தை முட்டி நின்ற கோபுரம் இரண்டு வியாபாரிகளின் கதையிலிருந்து எழுந்தது. நினைத்தாலே உடம்பு சிலிர்க்கவில்லையா?

புத்தரின் வாழ்க்கையைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வணிகர் வருகிறார்கள். சாக்கிய குலத்தில் பிறந்தவர். பிறந்த ஏழாம் நாள் தாய் மாயாதேவியை இழந்தவர். 29 வயதில் வீட்டை விட்டுப் போனார், 35இல் ஞானம், 80இல் குசிநகரத்தில் மறைவு. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆனால் சாரநாத்தில் முதல் ஐந்து சீடர் சேர்ந்தபின் ஆறாவதாக வந்தவர் யார் தெரியுமா? காசி நகரத்துப் பெருவணிகரின் மகன் யசர். மகனைத் தேடிக்கொண்டு வந்த தகப்பனார்தான் புத்தம், தருமம், சங்கம் என்று மூன்றையும் சரணடைந்த முதல் இல்லறத்தார்!

சாவத்தி நகரத்து வணிகர் அநாதபிண்டிகரோ இன்னும் பெரிய ஆச்சரியம். புத்தர் தங்குவதற்கு ஒரு தோப்பு வேண்டும். சொந்தக்காரரான இளவரசர் ஜேதர் விற்க மனமில்லாமல், தரை முழுக்கப் பொன்னைப் பரப்பினால் பார்க்கலாம் என்றார். மனுஷர் வண்டி வண்டியாகப் பொற்காசு கொண்டுவந்து இறக்கிவிட்டார்! காளை வண்டியும் ஆட்கள் காசு அடுக்குவதும் பார்ஹுத் ஸ்தூபத்தின் கற்சிற்பத்தில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருக்கின்றன. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். லாபத்தில் சாமிக்கு மகமை எடுத்துவைத்த நம்மவர்களுக்கு அந்த மனசு உடனே புரியும்.

கடன் இருப்பவர் பிக்கு ஆக முடியாது, தெரியுமா? கடனுக்குத் தப்பி ஒருவர் துறவியாகிவிட, கடன் கொடுத்தவர்கள் வந்து முறையிட, புத்தரே போட்ட விதி அது. துறவு கொடுக்கும் சடங்கில் "உனக்குக் கடன் உண்டா?" என்று இலங்கையிலும் பர்மாவிலும் இன்றைக்கும் கேட்கிறார்கள். சிகாலன் என்ற இளைஞனுக்கோ, சம்பாத்தியத்தை நான்காகப் பிரித்து ஒரு பங்கை அனுபவிக்கவும், இரண்டு பங்கைத் தொழிலில் போடவும், ஒன்றை ஆபத்துக்கு வைக்கவும் சொன்னார். சகலத்தையும் துறந்தவர் இல்லறத்தானுக்கு வரவுசெலவு வகுத்துக் கொடுத்திருக்கிறார்! என் கணக்கில் அவருடைய பேரன்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவர் பிறந்த ஊருக்கு வரிச் சலுகை கிடைத்ததும் தெரியுமா? நேபாளத்து லும்பினியில் 1896இல் கண்டுபிடித்த அசோகர் தூணில், புத்தர் இங்கே பிறந்ததால் இந்த ஊரின் வரியைக் குறைத்து எட்டில் ஒரு பங்காக்கினேன் என்ற செய்தி பிராமி எழுத்தில் இருக்கிறது.

புத்தர் வாழ்ந்த காலத்தில் நம் சிவகங்கைச் சீமையில் என்ன நடந்தது? கீழடி! அங்கே எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வில் தெரிந்தது. இலங்கை, பர்மா மரபுக் கணக்கில் புத்தரின் காலம் கி.மு. 623 முதல் 543 வரை; ஆய்வாளர்கள் பலர் இன்னும் பிந்தியது என்பார்கள். மரபுக் கணக்கை எடுத்துக்கொண்டால், புத்தர் கங்கைச் சமவெளியில் நடந்துகொண்டிருந்தபோதே வைகைக் கரையில் மக்கள் குடியிருந்திருக்கிறார்கள். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

இனிச் சொல்லப்போவதுதான் இருப்பதிலேயே பெரியது. செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம், அதாவது பூம்புகார், என்பார்கள். சிலப்பதிகாரத்தில் அந்த ஊர்ப் பெருவணிகர் மாசாத்துவான், மகன் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுப் பௌத்தத் துறவியானார். பேத்தி மணிமேகலை பிக்குணியானாள். காப்பியத்தில் மட்டுமா? ஐந்தாம் நூற்றாண்டில் புத்ததத்தர் என்ற தமிழகத்துப் பேரறிஞர் அந்த ஊர் விகாரையில் இருந்துகொண்டு, புத்தர்களின் வரலாறு சொல்லும் 'புத்தவம்சம்' நூலுக்குப் பாலியில் உரை எழுதினார். ஞானம் பெற்றபின் முதல் இருபது மழைக்காலங்களைப் புத்தர் எந்தெந்த ஊரில் கழித்தார் என்ற பட்டியலைத் தரும் நூல்களில் அந்த உரையும் ஒன்று. புத்தரின் வாழ்க்கைக் கணக்கு பூம்புகாரில் எழுதப்பட்டிருக்கிறது!

1960களில் பூம்புகார்ப் பல்லவனேசுவரத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் விகாரையின் அடித்தளமும் புத்தரின் பாதம் செதுக்கிய கல்லும் கிடைத்தன. அடுத்த தடவை பூம்புகார் போனால் கடலில் காலை நனைத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பல்லவனேசுவரத்துக்கும் போங்கள், அந்தச் செங்கல் அடித்தளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.