யூ மரப்பட்டையும் உணவுக்குழாயும்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குத் தாவரங்களில் மருந்து உண்டா என்னும் கேள்விக்கு உண்டு என்றே விடை கூறலாம். ஆயினும் அது கஷாயமாகவோ சூரணமாகவோ அல்லாமல், நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் பாக்லிடாக்சல் என்னும் மருந்தாகவே பயன்பட்டு வருகிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே 1962ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலக் காடுகளில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அதிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்த மன்ரோ வால், மன்சுக் வானி ஆகியோர் அதன் மூலக்கூறு அமைப்பை 1971இல் வெளியிட்டனர்.

இம்மருந்தின் தனித்தன்மை, அது எதையும் அழிக்காமலேயே செல்லை அழிப்பதுதான். செல் இரண்டாகப் பிரியும் வேளையில், மரபுச் செய்தியைத் தாங்கிய குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்வதற்காக, டியூபுலின் என்னும் புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழல்களாக உருவெடுக்கிறது. வேலை நடக்க நடக்க அக்குழல்கள் கலைந்து சுருங்கவும் வேண்டும். சுவர் உயர உயரக் கொத்தனார் சவுக்குக் கழிகளால் சாரம் கட்டுவதும், பூச்சு முடிந்த பகுதியில் கயிற்றை அவிழ்த்துக் கழிகளை உருவிக்கொள்வதும் போன்றது இது. நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் மருந்துகள் இச்சாரத்தைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. பாக்லிடாக்சலோ கட்டிய முடிச்சை அவிழ்க்க முடியாதபடி இறுக்கிவிடுகிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். கலையாத சாரத்துக்குள் சிக்கிய செல், பிரிதலை முடிக்க இயலாமல் மடிகிறது.

நீரில் கரையாத இப்பொருளை உடலுக்குள் செலுத்துவதற்கு, ஆமணக்கெண்ணெயிலிருந்து வேதிமுறையில் உருவாக்கிய கரைப்பானும் ஆல்கஹாலும் துணைநின்றன. அக்கரைப்பான் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது என்பதால், முன்னதாகவே ஸ்டீராய்டு முதலிய தடுப்பு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன.

நெதர்லாந்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளிடம் நடைபெற்று 2012இல் வெளியான கிராஸ் என்னும் ஆய்வில், பாக்லிடாக்சலும் கார்போபிளாட்டினும் கதிர்வீச்சும் பெற்றபின் அறுவை செய்துகொண்டோரின் இடைநிலை ஆயுள் 49.4 மாதங்களாகவும், அறுவை மட்டும் செய்துகொண்டோருக்கு 24 மாதங்களாகவும் இருந்தது. ஒரு மரப்பட்டை மருந்தாவதற்குத் தூய்மையும் அளவும் துணைமருந்தும் மனிதர்களிடம் நடத்திய சோதனையும் தேவைப்பட்டன என்பதற்கு இதுவே சான்று. மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வகக் கிண்ணத்தில் உணவுக்குழாய்ப் புற்றுச் செல்களைக் கொன்றாலும், வாய்வழி உட்கொள்ளும்போது குருதியில் மிகச் சிறிதளவே சேர்கிறது. ஆகவே கிண்ணத்தில் கண்ட வெற்றியை நோயாளிக்கு வாக்குறுதியாக அளிப்பது அறமாகாது.

மரத்துக்கும் ஓர் அறம் உண்டு. நூறாண்டு வளர்ந்த யூ மரத்தின் பட்டை முழுவதையும் உரித்தாலும் ஏறத்தாழ ஒரு வேளை மருந்தே கிடைத்தது. உரித்த மரமும் பட்டுப்போயிற்று. ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில் உள்ள மூலப்பொருளிலிருந்து இத்தகைய மருந்தை ஆக்கலாம் என்று பிரான்சில் பியேர் போத்தியே குழுவினர் காட்டியபின், மரத்தை வெட்டாமல் தழையைக் கொய்யும் வழி பிறந்தது. இமயமலை யூ மரங்களோ அளவின்றி உரிக்கப்பட்டு அருகிப்போயின.

சோறு தொண்டைக்குக் கீழே நெஞ்சில் அடைத்து நிற்பதும், நாளடைவில் கஞ்சி மட்டுமே இறங்குவதும் இந்நோயின் அறிகுறிகள். அவ்வேளையில் நாட்டுமருந்துக் கடையில் மாதங்களைக் கழிப்போர் இழப்பது, சான்றோடு நிறுவப்பட்ட தாவர மருந்து தமக்கு உதவக்கூடிய காலத்தையே ஆகும்.